என்ன நடக்குதுன்னு எங்களுக்கும் சொல்லுங்க: உப்பளத்து ஊர் ஒன்றின் பள்ளிச் சுவர் ஓவியம்

தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் வேப்பலோடையிலிருந்து ஆறுமுகநேரி வரை நீளும் உப்பளப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்வது என்பதைப் பற்றி அதன் சுற்றுச்சுவரில் ஓர் ஓவியம் வரையப்பட்டது. கருத்துகள் முழுவதும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுடையவை. 2024 நவம்பர் முதல் 2026 தொடக்கம் வரை நடந்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஊர், பள்ளி, ஆட்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை. பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டிருக்கிறேன். இந்தப் பணியை ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உளவியல் ஆலோசகர் ஒருவர், சுவர் விளம்பரம் எழுதிப் பழகிய ஓவியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர் என்று சிறிய குழு எங்களுடையது.

பின்னணி

இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு உப்பளம்தான் வருமானம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் விளைகிறது. மழை ஓய்ந்து ஜனவரியில் பாத்தி திருத்தும் வேலை தொடங்கினால், அடுத்த வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை உப்பு வாருவதும் சுமப்பதும் ஓயாது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். உப்புத் தண்ணீரில் கால் வெந்துபோகும். அதனால் விடியும் முன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். அதிகாலையில் ஆட்களை ஏற்ற வேன் வந்து நிற்கும் இடம் பள்ளியின் சாலையோரச் சுவர். அம்மாவும் அப்பாவும் கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆச்சியோ மூத்த பிள்ளையோ எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பி வைக்கும்.

மழை மாதங்களில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென அரசு தரும் ரூ.5,000 நிவாரணத்தையும் வட்டிக்கு வாங்கிய கடனையும் வைத்து வீடு நடக்கும். பெற்றோர் வீட்டில் இருக்கும் மாதங்கள்தான் கையில் காசில்லாத மாதங்களும். வீட்டில் சத்தம் கூடுவதும் அப்போதுதான் என்று பிள்ளைகள் யாரும் கேட்காமலேயே சொன்னார்கள்.

இவற்றோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. இந்த ஊரிலும் தண்ணீர் புகுந்தது. அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது. மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் இல்லாமல் வீடுகள் தனித்தனியாகக் கிடந்தன. அடுத்த கல்வியாண்டில், வானம் இருட்டினாலே சில பிள்ளைகள் பாடத்தைவிட்டு ஜன்னலைப் பார்ப்பதையும், "இன்னைக்கும் வருமா டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதையும் ஏழாம் வகுப்பு ஆசிரியை கவனித்தார். அவர் தலைமையாசிரியையிடம் சொல்ல, தலைமையாசிரியை எங்களை அழைத்தார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலில் பேசப்பட்டது எளிய திட்டம். பள்ளியின் உட்சுவரில் 'நல்ல பேச்சு' பற்றிப் படங்கள் வரைவது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறள் எழுதுவது. 2020-இல் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் வரையப்பட்ட பெரிய முகங்களைக் கைப்பேசியில் பார்த்திருந்த சிலர், அப்படி ஒன்று நம் ஊருக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். இரண்டுக்குமே எதிர்ப்பு எழவில்லை. என்ன வரைவது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானமானது. அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தில் மாறாமல் நின்றது எதுவும் இல்லை.

பிள்ளைகளிடம் கேட்டது

பேசவும் கேட்கவும் நவம்பர், டிசம்பர் மாதங்களைத் தேர்ந்தோம். பெற்றோர் ஊரில் இருக்கும் காலம் அதுதான். சுவர் வேலை தை பிறந்த பிறகு. மழைக்கால ஈரத்தில் பெயின்ட் நிற்காது என்பது ஒரு காரணம். அவசரப்பட்டுப் படத்துக்குத் தாவிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

"நல்ல பேச்சு என்றால் என்ன?" என்ற கேள்விக்குப் பாடப்புத்தக விடைகள் வந்தன. பெரியோரை மதிக்க வேண்டும், பொய் பேசக் கூடாது, இனிமையாகப் பேச வேண்டும். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் மதிப்பெண் தரும் விடை என்று அவர்களுக்குத் தெரியும். ஆலோசகர் கேள்வியை மாற்றினார். "உங்ககிட்ட யாராவது பேசினதுல நல்லா இருந்துச்சேன்னு தோணின ஒரு நேரம், இப்படிப் பேசாம இருந்திருக்கலாமேன்னு தோணின ஒரு நேரம். எழுதுங்க, இல்லன்னா வரைங்க. பேர் போட வேண்டாம்."

தாள்கள் வரத் தொடங்கியதும் வகுப்பின் சத்தமே மாறிவிட்டது. நெடுநேரம் பென்சில் உரசும் ஒலி மட்டும்தான்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் வகுத்த முறையில் உரையாடலுக்கு நான்கு படிகள் உண்டு: நடந்ததைத் தீர்ப்புச் சொல்லாமல் சொல்வது, அதனால் தனக்கு என்ன உணர்வு என்று சொல்வது, தனக்கு எது தேவை என்று சொல்வது, பிறகு குறிப்பாக ஒன்றைக் கேட்பது. அதைத் தழுவிய பயிற்சித் தாளும், கோபம், சோகம், பயம் என்று முகங்கள் வரைந்த அட்டையும் எங்களிடம் இருந்தன. அட்டையை யாரும் தொடவில்லை. உணர்வைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் உடம்பைச் சொன்னார்கள். "தொண்டைய அடைச்சிக்கிட்டு வந்துச்சு." "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு." "காது சூடாயிட்டு." அட்டையை எடுத்து வைத்துவிட்டோம். நான்காவது படி மட்டும் அவர்களுக்கு இயல்பாகவே வந்தது. 'என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்?' என்று கேட்டதுமே ஒவ்வொருவரிடமும் சின்னதாக, செய்யக்கூடியதாக ஒன்று இருந்தது.

தாள்களை வகை பிரிக்கும் வேலையை, விருப்பப்பட்டு வந்த ஒரு பிள்ளைகள் குழுவிடமே விட்டோம். வகைகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான்: 'கத்துனாங்க', 'சிரிச்சாங்க', 'கேக்கல', 'சொல்லல'. கெட்ட வார்த்தையைப் பற்றிய தாள்கள்தான் அதிகம் வரும் என்று பெரியவர்கள் நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். அப்படிப்பட்டவை மிகச் சிலவே. எல்லாவற்றிலும் உயர்ந்து நின்ற குவியல் 'சொல்லல'. வீட்டை மாற்றப் போவதைச் சொல்லவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொல்லவில்லை. கடன்காரர் வந்து கத்திவிட்டுப் போன பிறகும் அது என்ன என்று சொல்லவில்லை. வளர்த்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்ததை, பள்ளிவிட்டு வந்து தேடி அழுத பிறகுதான் சொன்னார்கள். வெள்ளத்தைப் பற்றிய தாள்கள் பலவும் இந்தக் குவியலில்தான் விழுந்தன. ஒரு தாளில் இருந்த வரி: "வெள்ளத்தன்னைக்கு எல்லாரும் ஓடுனாங்க. என்ன நடக்குதுன்னு எங்களுக்கும் சொல்லுங்க."

அந்த வரியைக் கேட்டதும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளத்தன்று தானும் தன் பேரப்பிள்ளைகளிடம் "ஒண்ணுமில்ல, படுங்க" என்றுதான் சொன்னேன் என்றார். பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறோம். சொல்லாமல் விட்டதால்தான் பயம் ஓர் ஆண்டு கடந்தும் மழையோடு வந்து நிற்கிறது என்பது அந்தத் தாள்களைச் சேர்த்துப் படித்தபோது தெரிந்தது.

சுவருக்குப் போகாத தாள்

எழுதச் சொல்வதற்கு முன்பே ஆலோசகர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "நீங்க எழுதுறத யார்கிட்டயும் காட்ட மாட்டோம். ஆனா உங்க உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உங்களக் காப்பாத்தக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்." இதைச் சொல்லாமல் தாள் வாங்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சொன்னால் பிள்ளைகள் எழுதத் தயங்குவார்கள் என்று எங்களில் சிலருக்கு ஐயம் இருந்தது. அப்படி நடக்கவில்லை.

ஒரு பிள்ளை தாளைப் பெட்டியில் போடாமல் மடித்து நேராக ஆலோசகரின் கையில் கொடுத்தது. அவர் எல்லோர் பார்வையிலும் படும் இடத்தில், ஆனால் காதுக்கு எட்டாத தொலைவில் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்தார். துருவித் துருவிக் கேட்கவில்லை. "எங்கிட்ட சொன்னது சரி. இது உன் தப்பில்ல. அடுத்து யார்கிட்டச் சொல்லப் போறேன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றார். அன்றே தலைமையாசிரியைக்கும், 1098 உதவி எண்ணுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் போனது. அதற்குப் பின் நடந்தவை இந்தப் பதிவுக்குள் வர வேண்டியவை அல்ல. அந்தத் தாளின் சாயல்கூட ஓவியத்தில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, அதே பொருளைத் தொட்ட மற்றொரு தாளையும் தேர்விலிருந்து எடுத்துவிட்டோம்.

அம்மாக்கள் கூட்டம்

டிசம்பரில், தாள்களிலிருந்து பிள்ளைகள் குழு தேர்ந்த வரிகளைப் பெற்றோர் கூட்டத்தில் படித்தோம். எது யாருடையது என்று தெரியாதபடி கலந்து, குழுவில் இல்லாத ஒரு கல்லூரி மாணவியைப் படிக்கச் சொன்னோம். வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் ஆச்சிகளும். முதல் சில வரிகளுக்குச் சிரிப்பும் தலையாட்டலும் இருந்தன. "சொல்லிட்டுப் போங்கம்மா" என்ற வரி வந்ததும் கூட்டம் அமைதியானது.

ஒரு அம்மா எழுந்து, "எழுப்பாமப் போறது எதுக்கு? பிள்ள இன்னும் கொஞ்ச நேரம் கூடத் தூங்கட்டும்னுதான? அதப் போயி சுவத்துல எழுதுனா ஊரு என்ன நினைக்கும்? நாங்க பிள்ளைய விட்டுட்டு ஓடிப் போறோம்னா?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். பின்னால் இருந்தும் ஆமோதிப்புகள் வந்தன. அந்த வரியை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்திருக்கலாம். தலைமையாசிரியையும் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆலோசகர் வேறொன்று சொன்னார்: "இத எழுதுன பிள்ளைக்கு நீங்க இப்பச் சொன்ன காரணம் தெரியுமா?"

யாருக்கும் விடை தெரியவில்லை. மறுநாள் அம்மாக்கள் சொன்ன காரணத்தைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னோம். வகுப்பில் பலருக்கு அது புதுச் செய்தி. தான் எழுந்தால் அழுது தொந்தரவு செய்வேன் என்று நினைத்துத்தான் சொல்லாமல் போகிறார்கள் என ஒரு பையன் நம்பியிருந்தான். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "எனக்கு எழுப்ப வேண்டாம். அம்மா எப்ப வரும்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். அதற்கடுத்த கூட்டத்தில் அம்மாக்களும் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். இரவு படுக்கும் முன்பே, மறுநாள் எங்கே வேலை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை ஓர் ஆச்சியிடமிருந்து வந்தது. வரியைப் பிள்ளைகளே திருத்தினார்கள்: "எப்ப வருவீங்கன்னு ராத்திரியே சொல்லிருங்க." எழுந்து கேள்வி கேட்ட அம்மாதான் அந்தத் திருத்தத்துக்கு முதலில் சரி சொன்னார்.

இந்தப் பணி முழுவதிலும் நான் பெரிதாக மதிப்பது இந்த இரண்டு கூட்டங்களைத்தான். ஓவியம் வரையப்படாமலே போயிருந்தாலும் இவை நடந்திருக்க வேண்டியவை.

இன்னொரு வரியில் இவ்வளவு எளிதாகத் தீர்வு வரவில்லை. "குடிச்சிட்டு வந்து பேசாதீங்க" என்று ஒரு தாளில் இருந்தது. பிள்ளைகள் குழு அதை வைத்தே ஆக வேண்டும் என்றது. மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தந்தை, அது ஊரையே அவமானப்படுத்தும் என்றார். அவமானம் என்ற காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் சின்ன ஊரில் அந்த வரி யார் வீட்டுப் பிள்ளை எழுதியது என்று ஊரே ஊகிக்கும். அந்த ஊகத்தின் விளைவு அன்றிரவே ஒரு பிள்ளையின் மேல் விழலாம். இதைப் பிள்ளைகள் குழுவிடம் மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் யோசித்து, 'கத்துனாங்க' குவியலிலிருந்து வேறு தாளை எடுத்து வந்தார்கள். "கத்தாம சொன்னாலும் எனக்குக் கேக்கும்." அந்த வரி இன்று சுவரின் நடுவில் இருக்கிறது.

குறளும் பேச்சுத் தமிழும்

"யாகாவா ராயினும் நாகாக்க" என்ற குறளாவது இடம்பெற வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் சிலர் கேட்டார்கள். "அது எங்க புக்லயே இருக்கு சார்" என்றது பிள்ளைகள் குழு. குறளைப் பள்ளிச் சுவரில் எழுதுவது இந்நாட்டின் நல்ல வழக்கங்களில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பள்ளிச் சுவரில் குறள் இருந்தால், அது பிள்ளைகளுக்குச் சொன்ன அறிவுரை என்றுதான் சாலையில் போகிறவர் எடுத்துக்கொள்வார். இங்கே பேச வந்தவர்களோ பிள்ளைகள். கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள். குறள் வழிபாட்டு மேடைப் பலகையில் ஏறியது. சுவர் பிள்ளைகளுக்கு விடப்பட்டது.

பேச்சுத் தமிழைச் சுவரில் எழுதினால் தேர்வுத் தாளிலும் அப்படியே எழுதிவிடுவார்கள் என்ற தமிழாசிரியரின் கவலை நியாயமானது. ஒரு வரியை எழுத்துத் தமிழாக்கிப் பார்த்தோம்: "உரக்கக் கத்தாமல் கூறினாலும் எனக்குக் கேட்கும்." படித்துப் பார்த்த அவரே, "இது எந்தப் பிள்ளையும் சொல்ற மாதிரி இல்ல, விடுங்க" என்றார்.

எந்தப் பக்கம்

வரிகள் முடிவானதும், அவற்றை உட்சுவரில் எழுதுவதில் பொருள் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. பெற்றோரிடம் சொல்லும் வரிகள் பெற்றோர் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். சாலையோரச் சுவர், வேன் வந்து நிற்கும் பக்கம் தேர்வானது. சுமார் 60 அடி நீளம், ஆறடி உயரம். தலைமையாசிரியை மேலாண்மைக் குழுவின் எழுத்துத் தீர்மானத்தை வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி பெற்றார். பொதுச் சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கும் மாநிலத்தில், நல்ல நோக்கத்துக்கும் எழுத்து அனுமதி தேவை.

பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள நினைத்த இரண்டு வரிகளுக்கு வேறு இடம் கேட்டார்கள். "பட்டப்பேரு வேண்டாம், எனக்குப் பேரு இருக்கு", "தெரியலன்னு சொன்னா சிரிக்காதீங்க" என்ற இரண்டும் தண்ணீர்க் குழாய் அருகில். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கேதான் நடக்கிறதாம். அது எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

படம் மட்டும் பேசுமா

வேனுக்கு நிற்பவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இருந்தார்கள். எழுத்து இல்லாமலும் படம் புரிய வேண்டும். ஓவியர் வரைந்த மாதிரிகளை எழுத்து இல்லாமல் எடுத்துப்போய், காத்து நின்றவர்களிடம் காட்டி, "இதுல என்ன நடக்கு?" என்று மட்டும் கேட்டோம்.

ஒரு பிள்ளையின் வாயருகே பேச்சுக் குமிழி வரைந்த படத்துக்கு, "சோப்பு முட்டை ஊதுது" என்று பதில் வந்தது. கேட்ட பலரும் அதையே சொன்னார்கள். படக்கதை படித்தவர்களுக்குப் பழகிய அடையாளம் எல்லோருக்கும் பழகியது அல்ல. குமிழிகள் அத்தனையும் நீக்கப்பட்டன. அதற்குப் பதில் உடல்களைப் பேச வைத்தார் ஓவியர். பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்த அப்பா, செல்பேசியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிய முகம், பாயில் மகளோடு படுத்துக்கொண்டு விரலை மடக்கி மணிக்கணக்குச் சொல்லும் அம்மா, மழை நாளில் முதுகில் சுமந்த பிள்ளையிடம் தலையைத் திருப்பிப் பேசியபடி தண்ணீரில் நடக்கும் தாத்தா. கடைசிப் படத்தைப் பார்த்த ஒரு பெண், "இது வெள்ளத்தன்னைக்கு" என்று உடனே சொல்லிவிட்டு, தன் வீட்டில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். வேன் வந்துவிட்டது, பாதியில் ஏறிப் போனார்.

சுவரும் நிறமும்

அந்தச் சுவர் வெள்ளத்தில் நின்ற சுவர். கட்டும்போது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில்தான் கலவை குழைத்திருந்தார்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உப்பு பூத்து, பழைய சுண்ணாம்பு கையால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. இப்படிப்பட்ட சுவரில் நேரடியாகப் பெயின்ட் அடித்தால், உள்ளிருக்கும் ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது பெயின்ட் பொருக்குத் தட்டிக் கழன்றுவிடும்.

பொங்கலுக்குப் பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, லாரியில் வந்த நல்ல தண்ணீரில் கழுவி, காய விட்டோம். பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் அதன் உட்புறம் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது ஓவியரின் சோதனை. மேல் நான்கடி தேறியது; கீழ் இரண்டடி தேறவில்லை. அங்கே ஓவியமே வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் அடிப்போம் என்றார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், உதிர்ந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை செலவில்லாமல் மறுபடி அடித்துக்கொள்ளலாம். படங்களின் கால்கள் எல்லாம் அந்த வெள்ளைப் பட்டைக்கு மேலேயே முடியும்படி மாற்றி வரையப்பட்டன. மேல் பகுதிக்கு வெளிச்சுவர் பிரைமரும் எமல்ஷனும். எனாமலும் டர்பன்டைனும் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம் என்பதால் தண்ணீரில் கரையும் பெயின்ட் மட்டும் வாங்கினோம்.

வரிகளைப் படிக்க வேண்டியவர்கள் இருட்டில் வருகிறார்கள். அதனால் நிறத்தைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் சோதித்தோம். மஞ்சளில் சிவப்பு எழுத்து பகலில் பளிச்சென்று இருந்தது. மங்கிய விளக்கில் சிவப்பு கறுத்துப் போனது. அடர்நீலத்தில் வெள்ளை எழுத்து தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் தெரிந்தது. "சிவப்பு வெயில்ல வெளுத்துரும், நீலம் நிக்கும்" என்று ஓவியரும் சொல்ல, பின்னணி நீலமானது.

வரைந்த வாரங்கள்

பிப்ரவரி சனிக்கிழமைக் காலைகளில் வேலை நடந்தது. ஓவியர் நூல் அடித்துக் கட்டம் போட்டு, கோடுகளையும் எழுத்துகளையும் தானே எழுதினார். பிளெக்ஸ் பலகைகள் வந்தபின் சுவர் எழுத்துக்கு ஆள் தேடுவது நின்றுபோய், வீட்டு வெள்ளையடிப்புக்கே அதிகம் போய்க்கொண்டிருந்தவர் அவர். 'ஆர்டிஸ்ட் அண்ணாச்சி' என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கைக்கு எட்டும் உயரம் வரை நிறம் நிரப்புவது பிள்ளைகள் வேலை. ஏணியில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. உப்பளத்திலிருந்து மதியம் திரும்பிய சிலர் வேனைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தந்தை பிரஷ்ஷை வாங்கித் தாத்தாவின் வேட்டியை அடித்து முடித்துவிட்டுப் போனார். கூட்டங்களுக்கு வராத தந்தையர் சுவருக்கு வந்தார்கள் என்பதை அப்போதே குறித்துக்கொண்டோம்.

பின்னர் நடந்தவை

வீடுகளில் பேச்சு எவ்வளவு மாறியது என்று அளக்கும் ஏற்பாடு எதுவும் இந்தப் பணியில் இல்லை. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

"ராத்திரியே சொல்லிருங்க" என்ற வரி வேனுக்கு நிற்கும் பெண்களிடையே ஒரு விசாரிப்பாகவே ஆகிவிட்டது. "சொல்லிட்டு வந்தியாட்டி?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பதை நானே பலமுறை கேட்டேன். வகுப்பில் இரண்டு பேர் சண்டையிட்டால் முதலில் இருவரிடமும் என்ன நடந்தது என்று கேட்பதை ஏழாம் வகுப்பு ஆசிரியை வழக்கமாக்கிக்கொண்டார். மறந்தால் பிள்ளைகள் சுவரைக் காட்டுகிறார்களாம். 2025 அக்டோபரில் மழை தொடங்கியபோது தலைமையாசிரியை ஒவ்வொரு நாளும் வானிலை அறிவிப்பை வழிபாட்டுக் கூட்டத்தில் படித்தார். பள்ளி விடுமுறை அறிவிப்பு வந்தால் என்ன செய்வது, தண்ணீர் ஏறினால் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதையும் பிள்ளைகளுக்கே சொன்னார். இது திட்டத்தில் இல்லாதது; "என்ன நடக்குதுன்னு எங்களுக்கும் சொல்லுங்க" என்ற சுவரின் முதல் வரியிலிருந்து அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை.

குழாயடி வரிகளின் பலன் கலவையானது. பட்டப்பெயர் நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனுக்கு 'எனக்குப்பேருஇருக்கு' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. ஆசிரியர்கள் அதைக் கண்டித்துப் பார்த்தார்கள், குறையவில்லை. பிள்ளைகள் குழுவில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவி அவனைத் தினமும் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்க, மெதுவாகக் குறைந்தது.

ஓர் இறப்புக்குப் பிறகு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று குந்தி உட்கார்ந்த அப்பாவின் முகத்தின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் கிழிக்கப் போனார்கள். தலைமையாசிரியை தடுத்து, பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்றார். அதன்பின் பிள்ளைகள் இருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், துக்கம் விசாரித்துவிட்டு, சுவரைப் பற்றிச் சொன்னார். ஒட்டியது உறவுக்காரப் பையன்கள், ஓவியத்தைக் கவனிக்கவில்லை. வீட்டுப் பெரியவரே வந்து தண்ணீர் நனைத்துப் பக்குவமாக எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் போஸ்டர் ஒட்டப்படவில்லை.

2025 மழையில், வகுப்பறைக் கூரையின் மழைநீர்க் குழாய் சுவரைத் தொடும் இடத்தில் பெயின்ட் குமிழ் விட்டு உரிந்தது. "போனக் கீழ வச்சிட்டுக் கேளுங்க" என்ற வரியில் பாதி போய்விட்டது. மற்ற இடங்கள் தாங்கின. கீழே சுண்ணாம்புப் பட்டை எதிர்பார்த்தபடி உதிர்ந்தது, மறுபடி அடிக்கப்பட்டது.

அடுத்த முறை மாறுபவை

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று இதே பணியைக் கேட்டிருக்கிறது. அங்கே சில மாற்றங்களோடு தொடங்குகிறோம். பகல் கூட்டத்துக்குத் தந்தையர் வருவதில்லை என்பதால், வரிகளை மாலையில் டீக்கடை முன்பும் வேன் நிறுத்தத்திலும் படித்துக் காட்டுவோம். வேன் ஓட்டுநர்களையும் தொடக்கத்திலேயே சேர்ப்போம். படச் சோதனையைக் கடைசியில் வைக்காமல், ஓவியர் முதல் கோடு போடும்போதே நடத்துவோம். கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று ஒரு மழையில் நின்று பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தேர்வோம். பட்டப்பெயர் போன்ற பிள்ளைகளுக்கு இடையிலான வரிகளைச் சுவரில் எழுதாமல், வகுப்பில் சின்ன நாடகமாக நடித்துப் பேசுவதற்கு வைத்துக்கொள்வோம். எழுதி வைத்த வரி கிண்டலுக்கும் கைகொடுக்கிறது என்பதைக் குழாயடியில் பார்த்தாகிவிட்டது.

ஆலோசகரின் முன்னறிவிப்பும், பாதுகாப்பு பற்றிய தகவல் அதே நாளில் உரியவர்களுக்குப் போவதும் மாறாது. இனிமேல் தாளை வாங்குபவர் அந்த வகுப்பின் ஆசிரியராக இருக்க மாட்டார் என்பது மட்டும் கூடுதல் விதி; ஆசிரியரைப் பற்றியும் பிள்ளைகள் எழுத வேண்டியிருக்கலாம்.

பழைய சுவரில் உரிந்த வரியைத் திரும்ப எழுதுவதா, வேறொன்று எழுதுவதா என்ற கேள்விக்கு, எழுதிய பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டதால், இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் தாள் எழுதித் தந்திருக்கிறார்கள். குழாயைத் திருப்பி வைத்து, சுவர் காய்ந்ததும் அதில் தேர்வாகும் வரியை ஆர்டிஸ்ட் அண்ணாச்சி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.